ஷுவாய் சித்தி கேட்ட துப்பாக்கி

ஷுவாய் சித்தியை நான் முதலில் பார்த்தபோது அவர் ஒரு யானைத் தடத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். சணல் கயிறு ஒன்றின் நுனி அவர் பற்களுக்கிடையில் இருந்தது.

மாவட்ட மன்றத்தின் மோட்டார் சைக்கிளில் நான் வந்து இறங்கியிருந்தேன். வேலையில் சேர்ந்து பதினோரு நாள். பல்கலைக்கழகத்தில் காட்டுயிர் மேலாண்மை படித்தவன். எங்கள் வம்சத்தில் முதல் பட்டம் என்னுடையது. பருத்தி மூட்டைக்குக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த என் அப்பா, அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். கருவேரா கிராமத்தில் யானை தின்ற மக்காச்சோளத்தை அளந்து எழுதிக்கொண்டு போக வந்திருந்தேன். பையில் புது எஃகு அளவுநாடா, காலில் பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கிய கறுப்பு ஷூ.

கயிற்றை வாயிலிருந்து எடுக்காமலே சித்தி ஷூவைப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டுக் கேட்டார்.

"யாருப்பா நீ? கல்யாண வீடு அந்தப் பக்கம்."

"மன்றத்துல இருந்து வர்றேன். சேதம் அளக்கணும்."

"யாரு வீட்டுப் பையன்?"

அப்பா பேரையும் ஊரையும் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை.

"அம்மா என்ன குலம்?"

"எலாண்ட் மான் குலம்."

சித்தி எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். எலாண்ட் மான் குலத்துப் பெண் யாராக இருந்தாலும் எங்கள் பள்ளத்தாக்கில் சிஹேரா என்றுதான் கூப்பிடுவார்கள். வாயும் பிடிவாதமும் அவர்களுக்கு அதிகம் என்று ஊருக்கெல்லாம் தெரியும். அம்மாவின் குலத்துப் பெண்கள் எல்லோரும் எனக்கு அம்மா முறை. அம்மாவைவிட இளையவர் என்றால் சித்தி.

"அப்ப நான் உனக்குச் சித்தி. பாரு, பெத்த மகன் மாதிரி நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கே. ஷூவக் கழட்டிட்டு இந்த முனையப் பிடி. தடத்த மிதிச்சிராதே."

கழற்றினேன். பிடித்தேன். முன்கால் தடத்தைச் சுற்றிக் கயிற்றை வைத்து அளந்தார். கயிற்றில் ஆறேழு முடிச்சுகள். மூன்றாவது முடிச்சில் விரல் நின்றது.

"இவன்தான் போன வாரம் தாபெரா அம்மா வயல்லயும் நின்னான். வலது பின்னங்கால இழுத்து வைப்பான்." என் பையை எட்டிப் பார்த்தார். "நீ எத்தன வருஷம் படிச்சே?"

"நாலு."

"யானையப் பத்தியா?"

"எல்லா மிருகத்தப் பத்தியும் சித்தி."

"அப்ப யானைக்கு ஒரு வாரம்தான் வந்திருக்கும்" என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த ஊரில் பேர் 'டிகிரி'.

அப்போது அவருக்கு நாற்பது வயது. ஷுவாய் கட்செரே என்பது முழுப்பெயர். ஆள் குட்டை. என் தோளுக்குத்தான் வருவார். கணவர் கரிபா ஏரியில் மீன்பிடிப் படகில் வேலை, மாதம் ஒருமுறை ஒரு சாக்குக் கருவாட்டோடு வருவார். இரண்டு பெண் பிள்ளைகளும் மேட்டு நிலத்து விடுதிப் பள்ளியில். சித்தி ஒன்பது வருடமாக கருவேராவின் காவல் சாரணர். கையில் ஒரு விசில், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தகர டப்பா. யானை வந்தால் டப்பாவைத் தட்டலாம். மிளகாயும் சாணமும் சேர்த்து உருட்டிக் காயவைத்த உருண்டையைக் கொளுத்திப் புகை போடலாம். அதற்கும் போகாத மிருகம் வந்தால் எழுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள மன்றத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். துப்பாக்கிக்காரர் வருவதற்கு இரண்டு நாளாகும், வண்டிக்கு டீசல் இல்லையென்றால் மூன்று.

ஒரு முறை அப்படிக் காத்திருந்த இரண்டு நாளில்தான் கோமோ என்ற பருத்தி விவசாயி செத்தார். யாரோ கண்ணி வைத்து, கம்பி அறுந்து, கழுத்தில் புண்ணோடு திரிந்த காட்டெருமை. முதல் நாள் அது அவருடைய கழுதையைக் கொன்றது. சித்தி ஊரையெல்லாம் வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, மொபானி மரத்தில் ஏறி உட்கார்ந்து அதைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். கோமோ தண்ணீர் எடுக்க வெளியே வந்தார். சித்தி மரத்தில் இருந்தபடியே விசிலை ஊதினார். அவ்வளவுதான் அவரால் செய்ய முடிந்தது. இதை அவர் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொன்னார், அதுவும் நான் ஒரு படிவத்துக்காகக் கேட்டதனால்.

ஆகவே அந்த வருடம் செப்டம்பரில் மன்றத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது அதை நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் பகுதிக்கு ஆயுதம் ஏந்திய சாரணர் ஒருவர். துப்பாக்கி அவரது கிராமத்திலேயே இருக்கும். மேட்டு நிலத்தில் வனத்துறை வைக்கும் சுடும் தேர்வில் தேற வேண்டும். தேறாவிட்டால் அந்த இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பகுதிக்குப் போய்விடும், அடுத்த வாய்ப்பு மூன்று வருடம் கழித்து. விண்ணப்பிக்கிறவர் எந்தத் துப்பாக்கி வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்குள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதிய துப்பாக்கியைத்தான் தேர்வில் சுடவேண்டும். மாற்ற முடியாது.

சித்தி அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.

"தேறாட்டி ஆத்துக்கு அந்தப் பக்கமா?"

"ஆமா சித்தி."

"அங்க இருந்து வர்றதுக்கும் ரெண்டு நாள்தான் ஆகும், மழையில பாலம் முங்கிடும்" என்றார். பிறகு அடுப்பில் கொதித்த சட்ஸா மாவுக்களியைக் கிளறப் போனார்.

மன்றத்தின் துப்பாக்கிகளைத் தேர்வுக்காக எங்கள் பகுதியின் துணை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து ஓர் இரும்பு அலமாரியில் வைத்திருந்தார்கள். அந்த அலுவலகம் கருவேராவிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். அலமாரிச் சாவி லாசரஸ் முசெம்வா இடுப்பில் இருக்கும். இருபத்திரண்டு வருடம் வனக்காவலராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு மன்றத்துக்கு வந்தவர். பெரிய உடம்பு, பெரிய குரல். குரங்குக் குலம். சித்தியின் அக்கா முறையுள்ள பெண்ணைக் கட்டியவர், அதனால் மச்சான் முறை. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தால் வேறு யாரும் வேடிக்கை காட்ட வேண்டியதில்லை.

"வா கொழுந்தியாளே. துப்பாக்கி வாங்க வந்தியா, இல்ல என்னப் பாக்க வந்தியா?"

"உங்களப் பாக்க எதுக்கு மச்சான் வரணும்? காலையிலதான் உங்க தம்பிமாருங்க நாப்பது பேரு என் தோட்டத்துக்கு வந்திருந்தாங்க. பூசணிக்காய் முழுக்கத் தின்னுட்டு ஒரு வார்த்த சொல்லிக்காமப் போயிட்டாங்க."

"பசிச்சிருக்கும். கொழுந்தியாளா லட்சணமா வேகவெச்சுக் குடுத்திருக்கலாம்ல? உங்க குலத்து மான் ஆறடி வேலியத் தாண்டும். நீ மட்டும் எப்படி இவ்வளவு குட்டையாப் பொறந்தே?"

"வேலிய நீங்க பிடுங்கிட்டுப் போயிட்டீங்க. தாண்ட ஒண்ணுமில்ல."

சிரித்துக்கொண்டே அவர் அலமாரியைத் திறந்தார். பெரிய மிருகத்தைச் சுடச் சட்டம் அனுமதிக்கிற துப்பாக்கி அதில் இரண்டுதான். ஒன்று நாலு அம்பத்தெட்டு. மற்றது மூணு எழுபத்தஞ்சு. அந்த எண்கள் குழலின் உள்வாய் அகலம். எண் பெரிதானால் குண்டு தடிமன், அடி பலம், தோளில் விழும் உதையும் பலம்.

நாலு அம்பத்தெட்டு பளபளவென்று இருந்தது. கருநீலக் குழல், எண்ணெய் பூசிய வாதுமைக் கட்டை. முசெம்வா அதைக் குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையாலும் எடுத்தார். மூணு எழுபத்தஞ்சு மூலையில் சாய்ந்திருந்தது. எப்போதோ அதன் கட்டை கைப்பிடிக்குப் பக்கத்தில் பிளந்திருக்கிறது. எருமைத்தோலை ஈரத்தோடு இழுத்துச் சுற்றித் தைத்துக் காயவிட்டிருந்தார்கள். தோல் சுருங்கி இரும்பு மாதிரி இறுகிக் கிடந்தது. பார்ப்பதற்குக் கை ஒடிந்தவனுக்குக் கட்டுப் போட்டது போல இருக்கும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பெருச எடு" என்றார் முசெம்வா.

நானும் அதையேதான் சொன்னேன். சும்மா சொல்லவில்லை, முந்தின நாள் ஒரு தாளில் கணக்குப் போட்டே வைத்திருந்தேன். குண்டின் எடை, வேகம், தாக்கு விசை, இரண்டு துப்பாக்கிக்கும் இரண்டு வரிசை. நாலு அம்பத்தெட்டின் குண்டு மற்றதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம்.

சித்தி தாளை வாங்கிப் பார்த்தார். "இதுல என் தோளு எந்த வரிசையில இருக்கு மகனே?"

"தோளா?"

"சரி விடு. மச்சான், ரெண்டையும் சுட்டுப் பாக்கணும்."

முசெம்வா முகத்தைச் சுளித்தார். பயிற்சிக்குப் பன்னிரண்டு தோட்டாதான் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஆறு. ஆனாலும் வியாழக்கிழமை காலையில் வண்டியில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு கருவேராவுக்கு வந்தார்.

எங்கள் ஆறு செப்டம்பரில் வெறும் மணல். எதிர்க்கரை மேட்டில் உரச்சாக்கு ஒன்றை ஆணியடித்து மாட்டி, அதில் கரியால் எருமை மாதிரி ஒன்றை நான் வரைந்தேன். "பசு மாதிரி இருக்கு" என்றார் சித்தி. நெஞ்சுப் பக்கம் சட்ஸா தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போட்டேன். முப்பது காலடி தூரம்.

முதலில் நாலு அம்பத்தெட்டு. கட்டை உயரமான ஆளுக்கென்று செய்தது. சித்தி கழுத்தை நீட்டித்தான் குறி பார்க்க முடிந்தது. சுட்டார். சத்தம் எதிர்க்கரையில் மோதித் திரும்பியது, பெருக்கமரத்துக் கொக்குகள் மொத்தமும் எழும்பின. சித்தி இரண்டடி பின்னால் போய் நின்றார். சாக்கில் ஓட்டை இல்லை. ஒரு முழம் கீழே மணல் வெடித்திருந்தது.

இரண்டாவதும் கீழே. மூன்றாவது இன்னும் கீழே.

"குறிமுள்ளு சரியில்ல போல" என்றார் முசெம்வா, துப்பாக்கி மேல் பழி வராதபடி தடவிக்கொண்டே.

சித்தி சட்டையின் தோளை விலக்கிப் பார்த்தார். அதற்குள் சிவந்து தடித்திருந்தது. அதற்கு மேல் பேச நேரமில்லை, ஏனென்றால் அப்போதுதான் கரை மேல் ஆட்கள் தெரிந்தார்கள்.

முதலில் தாபெரா அம்மா, தலையில் அலுமினிய அண்டா, கையில் கத்தி. பின்னால் நான்கைந்து பெண்கள், வாளிகள், சாக்குகள். ஒருவர் கோடாரி தூக்கி வந்தார். கடைசியில் ஒரு கழுதை வண்டியே வந்துவிட்டது. எங்கள் ஊர்களில் பெரிய துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எங்கேயோ ஏதோ பெரிதாக விழுந்திருக்கிறது, சீக்கிரம் போனால் நல்ல துண்டு கிடைக்கும். மூன்று வெடி என்றால் நிச்சயம் யானை. பயிற்சி என்று யாருக்கும் முன்னால் சொல்லிவைக்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டம் வாங்கிய எனக்கும்தான்.

"எங்க விழுந்துச்சு?" என்று மூச்சுவாங்கக் கேட்டார் தாபெரா அம்மா.

"ஒண்ணும் விழல" என்றார் சித்தி.

"மூணு வெடி வெடிச்சியே?"

"அந்தா, அந்த உரச்சாக்கு."

தாபெரா அம்மா ஆற்றுக்கு அப்பால் பார்த்தார். "சாக்குலயும் ஓட்டையக் காணோமே சிஹேரா!"

கரையே சிரித்தது. கழுதை வண்டிக்காரர் இரண்டு கிராமம் தள்ளி வந்தவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அடுப்புல தண்ணி வெச்சுட்டு வரச் சொல்லிட்டேன் என் பொண்டாட்டிகிட்ட" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரும் போகவில்லை. இவ்வளவு தூரம் வந்ததற்கு வேடிக்கையாவது பார்க்கலாம் என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி மடியிலிருந்து இலந்தைப்பழ வற்றலை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

சித்தி சற்று நேரம் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மகனே, ஆட்டுக்கு ஊசி போடும்போது பாத்திருக்கியா? மொத ஆடு சும்மா நிக்கும். ஒரு தடவ குத்து வாங்கின ஆடு, ஊசிய எடுக்கும்போதே தோலச் சிலுப்பும். நான் அப்படிச் சிலுப்பறேனான்னு பாக்கணும். நீ தோட்டாவப் போட்டுக் குடு. நெசத் தோட்டாவப் போடு, இல்ல இந்தச் சுட்ட காலிக் கூட்டப் போடு. எதுன்னு எனக்குச் சொல்லாதே."

திரும்பி நின்று காலிக் கூட்டைப் போட்டு மூடிக் கொடுத்தேன். சித்தி குறி பார்த்தார். விசையை இழுத்தார். 'க்ளிக்' என்றது, அவ்வளவுதான். ஆனால் குழல்வாய் ஒரு சாண் கீழே போய் வந்தது. எந்த உதையும் இல்லாமல் தானாகவே. கண்ணும் இறுக மூடியிருந்தது. கரையில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"குனிஞ்சு கும்புடுது!" என்று தாபெரா அம்மா கத்தினார்.

சித்தியும் சிரித்தார். வெட்கப்படவில்லை. நோய் இன்னதென்று தெரிந்த ஆளின் முகம் அது. "குறிமுள்ளு நல்லாத்தான் இருக்கு மச்சான். கோணல் இங்க இருக்கு" என்று தோளைத் தட்டினார். பிறகு துப்பாக்கியை நீட்டினார். "நீங்க ஒரு தடவ."

"நானா? நான் இருபத்திரண்டு வருஷம்..."

"அதான். உங்களுக்கென்ன."

கரை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியாது. முசெம்வா துப்பாக்கியை வாங்கி என்னிடம் கொடுத்தார், நான் முதலில் நெசத் தோட்டாவே போட்டேன். சுட்டார். வட்டத்தின் ஓரத்தில் ஓட்டை. எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்து காலிக் கூடு. 'க்ளிக்.' குழல்வாய் நான்கு விரல் இறங்கியது. சித்தி அளவுக்கு இல்லை. ஆனால் இறங்கியது.

கழுதை வண்டிக்காரர்கூட இப்போது சிரித்தார். "குரங்கும் கும்புடுது!" என்றது ஒரு குரல். முசெம்வாவின் காது வரை சூடேறியிருக்கும். யார் பக்கமும் பார்க்காமல் துப்பாக்கியை என்னிடம் நீட்டி, "மறுபடி போடு" என்றார். இரண்டு விரல் இறங்கியது. "மறுபடி." மூன்றாவது தடவை குழல் கல்லில் நட்டது போல நின்றது. பிறகுதான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். அந்த ஆளை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போனது.

அடுத்து மூணு எழுபத்தஞ்சு. அதுவும் உதைக்கத்தான் செய்தது, ஆனால் சித்தி நின்ற இடத்திலேயே நின்றார். பிளந்த கட்டையைச் சேர்த்தபோது யாரோ பின்பக்கத்தைச் சற்றுக் குறைத்திருக்க வேண்டும். அவர் கன்னம் தானாகவே அதன் மேல் போய்ப் படிந்தது. முதல் குண்டு வட்டத்துக்கு வெளியே ஒரு விரல். இரண்டாவது உள்ளே. காலிக் கூட்டுக்கு முதலில் கொஞ்சம் குனிந்தது. இன்னும் நான்கு தடவை நான் மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசிக் க்ளிக்குக்குக் குழல் அசையவில்லை.

ஆனால் ஊருக்கு அந்தத் துப்பாக்கி பிடிக்கவில்லை.

"இதோட சத்தம் எங்க பக்கத்துக்குக் கேக்குமா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"கேக்காது போலிருக்கே" என்றார் தாபெரா அம்மா. "கேக்காட்டி கறி எப்படித் தெரியும்? சிஹேரா, பெருசையே எடுத்துக்கோ. பாக்கவும் நல்லாருக்கு. இது என்னது, ஆஸ்பத்திரியிலருந்து வந்த மாதிரி."

"கறிக்கு ஆள் விட்டுச் சொல்றேன் போங்க" என்று சித்தி அவர்களை அனுப்பிவைத்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. துணை அலுவலகத்தில் பதிவேடு மேசை மேல் விரித்துக் கிடந்தது. சித்தி சைக்கிளில் வந்திருந்தார். முசெம்வா அன்றைக்குக் கொழுந்தியாள் என்று கூப்பிடவில்லை.

"ஷுவாய், கேளு. வெட்ட வெளியில சாக்கச் சுடறது வேற. முள்ளுக்காட்டுக்குள்ள, பத்து காலடியில, அது தலையத் தூக்கிட்டு வரும்போது வேற. என் கூட்டாளி சிவாரா கையில மூணு எழுபத்தஞ்சுதான் இருந்துச்சு. சுட்டான். நிக்கல அது. நான் போய்ச் சேரும்போது அவன் பேசற நெலமையில இல்ல."

சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எங்க பட்டுச்சு மச்சான்?"

"எருமைக்கா? வயித்துல."

"வயித்துல பட்டா நாலு அம்பத்தெட்டுக்கு நின்னிருக்குமா?"

முசெம்வா இடுப்புச் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். நான் என் கணக்குத் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

"நிக்காது" என்றார் கடைசியில்.

"உங்க கையில பெருசு இருந்தா நான் நம்புவேன். நேத்து மூணாவது தடவை அது அசையலையே, பாத்தேன். எனக்கு அந்த மூணாவது தடவை வர்றதுக்கு நூறு தோட்டா வேணும். இருக்கறது எத்தன?"

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு."

"அப்ப எது நான் பாக்கற எடத்துக்குப் போகுதோ அதக் குடுங்க."

அவர் பேனாவைத் திறந்து கொடுத்தார். சித்தி தன் பெயருக்கு நேரே மூணு எழுபத்தஞ்சின் எண்ணை எழுதிக் கையெழுத்திட்டார். முசெம்வா மை காயும் வரை பார்த்துவிட்டு, "ஒண்ணு சொல்றேன். அடுத்த தோட்டாவுக்குப் போல்ட்ட இழுக்கும்போது கட்டைய தோள்லருந்து எடுக்காதே. எடுத்தா செத்தே" என்றார். பிறகு எழுந்து போய் அலமாரியில் இருந்து அதை எடுத்து வந்தார்.

தேர்வு அடுத்த புதன்கிழமை. உரிமம் வராமல் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், நான்கு நாளும் சித்தி பதினான்கு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தார். அலுவலக முற்றத்தில் நின்று, துப்பாக்கியில் காலிக் கூடுகளை நிரப்பிக்கொண்டு, தோளிலிருந்து எடுக்காமல் போல்ட்டை இழுப்பார், தள்ளுவார், விசையை அமுக்குவார். கூடுகள் தரையில் சிதறும். முசெம்வா நாற்காலியில் உட்கார்ந்து புளித்த மஹேவுக் கஞ்சி குடித்துக்கொண்டு, "மெதுவா இருக்கு. கிழவி நடக்கற மாதிரி" என்பார். "உங்க பொண்டாட்டி எனக்கு அக்கா, ஞாபகம் வெச்சுக்கோங்க" என்று சித்தி போல்ட்டை இழுத்துக்கொண்டே சொல்வார். கூடுகளைப் பொறுக்குவது என் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை பொறுக்கினேன்.

தேர்வுக்கு மேட்டு நிலத்துக்கு நான்தான் மன்ற வண்டியில் கூட்டிப்போனேன். முசெம்வாவும் ஏறிக்கொண்டார், அவருக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. சித்தியோடு சேர்த்து மூன்று பேர் சுட வந்திருந்தார்கள். மற்ற இருவரும் வேட்டை நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள். சித்தி உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்ததும் ஒருவன் மற்றவனிடம், "அதுக்கு எப்பக் கட்டுப் பிரிப்பாங்களாம்?" என்று கேட்டான்.

"உனக்குக் கட்டுப் போடும்போது கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றார் சித்தி.

நின்ற குறியை மூன்று பேரும் சரியாகவே சுட்டார்கள். பிறகு ஓடும் குறி. சரிவில் கட்டிய கம்பி மேல், சக்கரம் வைத்த தகர எருமை. கயிற்றை விட்டால் நாற்பது காலடி தூரத்திலிருந்து நேராக ஆளை நோக்கி வரும். கோட்டைத் தொடுவதற்குள் மூன்று குண்டு சுடலாம், இரண்டு வட்டத்துக்குள் விழ வேண்டும். முதல் இளைஞன் இரண்டு சுட்டு இரண்டையும் உள்ளே போட்டான். அடுத்தவன் ஒன்று சுட்டுவிட்டு, துப்பாக்கியை இறக்கிப் போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே எருமை கோட்டைத் தாண்டிப் போனது. பிறகு சித்தி போய் நின்றார்.

கயிற்றை விட்டார்கள். தகரம் தடதடவென்று வந்தது. முதல் குண்டு பட்ட சத்தம் கேட்டது, ஆனால் எனக்கே தெரிந்தது, கொம்புப் பக்கம். வட்டத்துக்கு வெளியே. பக்கத்தில் நின்ற முசெம்வா என் மணிக்கட்டைப் பிடித்தார். இனிமேல் சுடும் இரண்டுமே உள்ளே விழ வேண்டும். சித்தியின் கன்னம் கட்டையிலிருந்து எழவில்லை. கை மட்டும் போய் வந்தது. இரண்டாவது வெடி. மறுபடி கை போய் வந்தது. மூன்றாவது வெடிக்கும்போது தகரம் கோட்டுக்கு நான்கு காலடி முன்னால் இருந்தது.

தேர்வதிகாரி நடந்து போய்க் குனிந்து பார்த்தார். சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டார். மூன்றாவதின் மேல் குறுக்குக் கோடு.

"ரெண்டு உள்ளே" என்றார். "தேர்ச்சி."

முசெம்வா என் கையை விட்டார். விரல் பதிந்த அடையாளம் சாயங்காலம் வரை இருந்தது. சித்தி துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டி, மேசையில் வைத்துவிட்டு, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.

அது நடந்து ஆறு வருடமாகிறது. ஷுவாய் கட்செரேவுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. கருவேராவில் ஆயுதம் ஏந்திய சாரணராக இருக்கிறார். மூணு எழுபத்தஞ்சு அவர் வீட்டுச் சுவரில் பதித்த இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இதுவரை நான்கு காட்டெருமையும் ஒரு யானையும் சுட்டிருக்கிறார், ஒவ்வொன்றும் தகவல் வந்த அன்றைக்கே. இந்த ஆறு வருடத்தில் கருவேராவில் மிருகத்தால் யாரும் சாகவில்லை. சென்ற மாதம் அவருக்கு மன்றம் புது சைக்கிள் கொடுத்தது. அதற்கான படிவத்தை நிரப்பியது நான்.